செட்டிநாட்டு வீட்டுக்கு விளக்கு: சுவரை வெட்டாமல் செய்த வேலை

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீட்டில் விளக்குப் போட இறங்கினால், நகரத்து அடுக்குமாடி வீட்டின் கணக்கு செல்லாது. அங்கே வெள்ளைக் கூரை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இங்கே தலைக்கு மேல் இருப்பது பர்மா தேக்கு. வருடக்கணக்கில் எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்த பலகை, தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கை விழுங்கிவிடும். கீழே ஆத்தங்குடி டைல்ஸ். மேலிருந்து குத்தும் விளக்கு ஒவ்வொன்றும் அதில் கண்ணைக் கூசும் புள்ளியாகத் தெரியும். வெளிச்சத்தை வாங்கி அறை முழுவதும் பரப்பக்கூடிய ஒரே இடம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். அந்தப் பூச்சை இன்று வெட்டினால் அதே மாதிரி ஒட்டுப்போட முடியாது. ஆகவே இந்த வீட்டில் எல்லா முடிவுகளும் இரண்டு விதிகளிலிருந்து வந்தன. வெளிச்சம் சுவரில் விழ வேண்டும். வயருக்காகச் சுவரைக் குடைந்து காடி எடுக்கக் கூடாது.

எடுத்துக்கொண்ட பகுதிகள்: முகப்புப் பட்டாலை (விருந்தினரை வரவேற்கும் முன்கூடம்), வளவும் (திறந்த நடுமுற்றம்) அதைச் சுற்றிய தாழ்வாரமும், வளவை ஒட்டிய இரண்டு அறைகள், உள்வீடு (படைப்பு நடக்கும் உள்ளறை), அடுப்படி.

அளவும் கணக்கும்

பட்டாலை 30 அடி நீளம், 14 அடி அகலம், 15 அடி உயரம். பரப்பு ஏறத்தாழ 39 சதுர மீட்டர். உட்கார்ந்து பேசவும் விருந்தினரை வரவேற்கவும் சராசரியாக 100 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 100 லூமென் வெளிச்சம், போதும். தரையில் சேர வேண்டியது 3,900 லூமென். பல்பிலிருந்து கிளம்பும் வெளிச்சம் முழுவதும் தரைக்கு வந்து சேராது. வெள்ளைக் கூரை அறையில் பயன்பாட்டு விகிதத்தை 0.55 என்று வைக்கலாம். தேக்குக் கூரைக்கு 0.4க்கு மேல் வைக்கக் கூடாது. தூசிக்கும் பல்பு மங்குவதற்கும் 0.8. இரண்டையும் பெருக்கினால் 0.32. ஆக 3,900-ஐ 0.32-ஆல் வகுத்தால் சுமார் 12,200 லூமென் வருகிறது. கூரை வெள்ளையாக இருந்தால் 8,900 லூமெனில் முடிந்திருக்கும். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் கடைக்காரர் சொன்ன எண்ணிக்கையில் பல்பு வாங்கினால் பட்டாலை இருண்டே கிடக்கும். பிறகு அதைச் சரிசெய்கிறேன் என்று 6,500 கெல்வின் (எண் ஏற ஏற வெளிச்சம் வெளுத்து நீலமாகும்) டியூப்லைட்டைக் கொண்டுவந்து தேக்குத் தூணில் கட்டுவார்கள். அந்த நீல வெளிச்சத்தில் தூண் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும்.

12,200 லூமெனைப் பங்கிட்ட விதம்: எட்டுக் கை சரவிளக்கில் கைக்கு 400 வீதம் 3,200. இரு பக்கச் சுவரிலும் சேர்த்து ஆறு பிராக்கெட்டில் 900 வீதம் 5,400. மீதி 3,600-க்கு நான்கு நிற்கும் விளக்குகள், ஒவ்வொன்றிலும் 9 வாட் பல்பு. நிற்கும் விளக்குகளுக்குத் தனி சுவிட்ச். தினசரி புழக்கத்துக்கு அவையும் பிராக்கெட்டுகளும் போதும்.

நிறத்தைத் தாளில் முடிவுசெய்யக் கூடாது. உடைந்த ஆத்தங்குடி டைல் ஒன்றையும் ஒரு தேக்குத் துண்டையும் சுவரோரம் வைத்து, 2,700, 3,000, 4,000, 6,500 கெல்வின் பல்புகளை இருட்டிய பிறகு ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்க்க வேண்டும். தேக்குக்கு 2,700 பிடித்தது. டைலின் பச்சையும் நீலமும் அதில் சற்று மங்கின, 3,000-இல் தெளிந்தன. தனி அறையாக இருந்தால் இரண்டில் எதையும் எடுக்கலாம். ஆனால் இந்த வீடுகளில் தெருவாசலில் நின்றால் முகப்பு, நடை, வளவு, இரண்டாங்கட்டு என்று நிலைகள் ஒரே நேர்கோட்டில் கடைசிக் கதவு வரை தெரியும். அந்தக் கோட்டில் ஒரு கட்டு மஞ்சளாகவும் அடுத்த கட்டு வெளுப்பாகவும் இருந்தால் பிந்தையது வேறு யார் வீடோ போலத் தோன்றும். எனவே நேர்கோட்டில் கண்ணில் படும் எல்லா விளக்கும் 2,700. பக்கத்து அறைகள் 3,000. அடுப்படி மேடைக்கு மட்டும் 4,000. அதுவும் அலமாரிப் பலகையின் அடியில், வளவிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில்.

நிறத்தோடு, பொருளின் நிறத்தை பல்பு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று சொல்லும் சி.ஆர்.ஐ. எண்ணையும் பார்க்க வேண்டும். 90க்குக் குறைந்த பல்பை இங்கே வாங்குவதில் பயனில்லை. பெட்டியில் சிவப்புக்கான ஆர்9 மதிப்பு தனியாக அச்சிட்டிருந்தால் 50க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கவும். தேக்கின் செம்மையும் காவித் தரையின் சிவப்பும் உயிரோடு தெரிவது அந்த எண்ணைப் பொறுத்தது.

பழைய கேசிங்கும் புது வயரும்

இந்த வீட்டில், சுவரின்மேல் வயரை உள்ளே வைத்து மூடியோடு ஓடும் தேக்கு மரக் கேசிங் நல்ல நிலையில் இருந்தது. உள்ளே ஓடிய துணி சுற்றிய ரப்பர் வயர் தொட்டாலே பொடியானது. அப்படிப்பட்ட வயரை மெகரில் (வயர் உறையின் தடையை அளக்கும் கருவி) சோதித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, கழற்றிவிட வேண்டும். கேசிங்கைக் காப்பாற்றலாம். மூடியின் பித்தளைத் திருகுகளை நெம்பாமல், தலையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிட்டுக் கழற்றினால் மூடி பிளக்காது. மூடியின் பின்பக்கம் பென்சிலால் எண் போடுங்கள். வளைந்து காய்ந்த மூடி தன் பழைய இடத்தில் மட்டுமே சரியாக உட்காரும்.

கேசிங்கில் உள்ள இரண்டு காடிகளில், ஒரு காடியின் அகலத்தில் 1.5 சதுர மி.மீ. எஃப்.ஆர். (தீ பரவவிடாத) வயர் இரண்டு தாராளமாகப் படுக்கும். ஒரு காடியில் ஃபேஸும் சுவிட்ச் வயரும், மற்றதில் நியூட்ரலும் பச்சை எர்த்தும். பழைய வயரிங்கில் விளக்குகளுக்கு எர்த் கிடையாது. பித்தளை பிராக்கெட்டும் இரும்புச் சட்டமும் கையால் தொடும் உயரத்தில் இருக்கும்போது அதை அப்படியே விடக் கூடாது. கேசிங்குக்குள் எங்கும் ஜாயிண்ட் வரக் கூடாது. மரக் காடிக்குள் தளர்ந்த முறுக்கு ஜாயிண்ட் இருந்தால் அது சூடேறிக் கரிவது வெளியே தெரியாது. எல்லா இணைப்பும், விளக்கு மாட்டும் வட்டக் கட்டையான ரவுண்ட் பிளாக்குக்குள், லீவர் கனெக்டரில்.

பழைய ரவுண்ட் பிளாக்குகள் இருக்கும் இடத்திலேயே பிராக்கெட்டுகளை மாட்டினோம். சுவரில் புதுத் துளை தேவைப்பட்ட இடங்கள் மிகச் சில. அப்படித் துளையிட வேண்டியிருந்தால், மாஸ்கிங் டேப் ஒட்டி, ஹேமர் ஓடாமல், டைல் பிட்டால் மெதுவாகப் பூச்சைத் தாண்டி, பிறகு 6 மி.மீ. பிட்டுக்கு மாறவும். ஹேமரில் தொடங்கினால் பளபளப்பு மேற்பூச்சு உள்ளங்கை அகலத்துக்குச் செதிலாகப் பெயரும். சுண்ணாம்புச் சாந்தில் குறுகிய ராவல் பிளக் பிடிக்காது, 50 மி.மீ. நீளமாவது வேண்டும். பெயர்ந்த இடத்தை சிமெண்டால் அடைக்கவே வேண்டாம். சிமெண்ட் ஒட்டு விரைவில் ஓரத்தில் விரிந்து, உப்புப் பூத்து, பக்கத்துப் பூச்சையும் தள்ளும். நீற்றிய சுண்ணாம்பு விழுதும் சலித்த மணலும் கொண்டு மெல்லிய அடுக்குகளாக, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது என்று பூச வேண்டும்.

ஒரு சர்க்யூட்டுக்குப் பத்துப் பாயிண்ட், 800 வாட் என்பது வழக்கமான வரம்பு. எல்.இ.டி.யில் 800 வாட்டை எட்டவே மாட்டோம். பாயிண்ட் எண்ணிக்கைதான் கட்டுப்படுத்தும். பட்டாலையின் இரண்டு சுவர்களையும் இரண்டு வெவ்வேறு சர்க்யூட்டில் பிரித்துவிடுங்கள். ஒன்று விழுந்தாலும் இருட்டில் தடுமாற வேண்டியிருக்காது. விளக்கு சர்க்யூட்டுகள் மொத்தத்துக்கும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., இடி மின்னலுக்கு டைப் 2 சர்ஜ் பாதுகாப்பு. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை மற்ற நியூட்ரல்களோடு எங்கேயும் சேர்த்துவிடக் கூடாது. சேர்ந்தால் ஆர்.சி.சி.பி. காரணமே இல்லாமல் விழுவதுபோல் தெரியும். வாரக்கணக்கில் தேடினாலும் அகப்படாது.

புது வயர் போட்டதும் வந்த ஒரு கோளாறு: சுவிட்சை அணைத்த பிறகும் சில பல்புகள் மினுமினுவென்று எரிந்தன. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கும். அல்லது இரண்டு இடத்திலிருந்து ஒரே விளக்கைப் போடும் டூவே சுவிட்சின் நீண்ட வயர்கள் ஒரே காடியில் ஒட்டி ஓடுவதால் பக்கத்து ஃபேஸிலிருந்து சிறு மின்சாரம் கடக்கும். டங்ஸ்டன் பல்பு அதைக் காட்டாது, எல்.இ.டி. காட்டிவிடும். முதலில் டெஸ்டரை வைத்து ஃபேஸ்தான் துண்டிக்கப்படுகிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால், அந்த சர்க்யூட்டின் ஒரு பல்பு முனையில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அந்தச் சிறு மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் ஆர்.சி. ஸ்னப்பர் ஒன்று வைத்தால் நின்றுவிடும். இங்கே நடைக்கும் வளவுக்கும் இடையிலான டூவேயில்தான் அது தேவைப்பட்டது.

பித்தளை மூடி போட்ட பழைய டம்ளர் சுவிட்சுகளை (குமிழைத் தட்டிப் போடுபவை) வீசிவிடத் தோன்றும், வேண்டாம். 230 வோல்ட்டில் அவற்றை இனி ஓட்டக் கூடாது என்பது உண்மை. 24 வோல்ட் ரிலேயின் (குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கி 230 வோல்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) காயிலை மட்டும் அவற்றின் வழியாகக் கொடுத்தால், கை படும் பித்தளையில் ஆபத்தான மின்னழுத்தம் இருக்காது. விளக்கை ரிலே எரிக்கும். சுவிட்சுக்குள் தொடும் தகடுகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கவும். ரிலே காயில் இழுக்கும் சில பத்து மில்லிஆம்பியர், களிம்பேறிய தகட்டைத் தாண்டாது.

சரவிளக்கு

பெல்ஜியம் கண்ணாடிச் சரவிளக்கு இந்த வீட்டோடு வந்தது. முதல் வேலை கொக்கியைப் பார்ப்பது. கண்ணாடியைத் தொடுவது அதற்குப் பிறகுதான். கொக்கி உத்திரத்தில் இறங்கியிருக்க வேண்டும். உத்திரங்களுக்கு நடுவே செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸில் எதையும் தொங்கவிடக் கூடாது. கொக்கியின் உள்வளைவில் சங்கிலி உராய்ந்த இடத்தை காலிப்பரால் அளக்கவும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது உத்திரத்தைத் துளைக்காமல், அதைச் சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டை செய்து எம்10 போல்ட்டால் இறுக்கலாம். விளக்கின் எடை 18 கிலோ. அதன் நான்கு மடங்கான 72 கிலோ மணல் மூட்டையைக் கொக்கியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, பட்டை நகர்கிறதா, மரத்தில் விரிசல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே விளக்கை ஏற்ற வேண்டும். கூடவே 3 மி.மீ. எஃகுக் கம்பிக் கயிறு ஒன்று தனியாக, கொக்கியை நம்பாமல் உத்திரத்தைச் சுற்றி.

கழற்றும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, ஒவ்வொரு கைக்கும் அது உட்காரும் குழிக்கும் ஒரே எண் ஒட்டவும். கண்ணாடிக் கைகள் பித்தளைக் குப்பியில் பாரிஸ் சாந்தால் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பிடிக்கப்பட்டிருக்கும். ஆடும் கையை எபாக்ஸி போட்டு ஒட்டாதீர்கள். எபாக்ஸி விட்டுக்கொடுக்காது, அடுத்த முறை கை உடையும்போது சாந்தோடு கண்ணாடியும் போகும். பழைய சாந்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டால் போதும். குப்பியில் இருந்த கையின் சாய்வை அட்டையில் வெட்டி அச்சாக வைத்துக்கொண்டால் எட்டுக் கைகளும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

சரங்களைக் கழுவ, துண்டு விரித்த பிளாஸ்டிக் தொட்டி, வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பித்தளை ஊசியையும் முலாமையும் அரிக்கும். கடைசி அலசல் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில். போர் தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் ஒவ்வொரு பட்டையிலும் உப்புத் திட்டு நிற்கும். இற்றுப்போன ஊசிகளுக்குப் பதிலாக 22 கேஜ் பித்தளைக் கம்பி. இரும்புக் கம்பி வேண்டாம், துரு கண்ணாடித் துளைக்குள் இறங்கிவிடும். குறைந்த சரங்களை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடலாம். மாதிரிச் சரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், வெயிலில் பிடித்து நிறத்தைப் பார்த்து வாங்கவும். பழைய கண்ணாடிக்கு அருகில் புதுக் கண்ணாடி பளிச்சென்று பிரிந்து தெரியும்.

கைக்குள் ஓடும் குழாய் குறுகலானது. அதில் 0.75 சதுர மி.மீ. சிலிக்கான் உறை வயர் நுழையும். குழாயின் வெட்டு முனைகளை அரத்தால் மழுக்காமல் வயரை இழுத்தால் உறை கிழிந்து சட்டம் முழுவதும் மின்சாரம் பாயும். இழுத்து முடித்ததும் சட்டத்துக்கும் வயருக்கும் இடையே 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்க்கவும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஏற்றக் கூடாது. நடுத்தண்டில் எர்த் கட்டாயம்.

பல்பு இ14 (சிறிய திருகு முனை), 4 வாட், தெளிந்த கண்ணாடிக்குள் இழை தெரியும் வகை. பால் நிறக் கண்ணாடி போட்ட மெழுகுவர்த்தி பல்பு வெளிச்சம் தரும், ஆனால் சரங்கள் மின்னாது. கண்ணாடிப் பட்டை மின்ன வேண்டுமானால் ஒளி மூலம் நூல்போல் சிறியதாக இருக்க வேண்டும். டிம்மர் போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். டிம் ஆகும் பல்பும் எல்.இ.டி.க்கான டிம்மரும் பொருந்தினால் நன்றாகவே இருக்கும். பழைய ஃபேன் ரெகுலேட்டர் வகை டிம்மருக்கு 32 வாட் சுமை போதாது, நடுங்கும். எங்கள் விருப்பம் அதைவிட எளியது: ஒன்றுவிட்டு ஒரு கையாக நான்கு நான்காகப் பிரித்து இரண்டு சுவிட்ச். கிராமத்து மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் இது பல வருடம் சொன்னபடி கேட்கும்.

தொங்கும் உயரம் தரையிலிருந்து 8 அடி. அதற்குமேல் ஏற்றினால் வெளிச்சம் தேக்குக்குப் போய்ச் சேரும். இறக்கினால் நிலைக்கதவின் மேல் உள்ள செதுக்கு வேலையை மறைக்கும். அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டி அதே எண்ணை அங்குலமாக விளக்கின் விட்டத்துக்கு எடுக்கச் சொல்வார்கள். 30க்கு 14 பட்டாலையில் அது 44 அங்குலம் என்று வரும். குறுகிய நீளக் கூடத்துக்கு அது மிக அதிகம். இங்கே இருப்பது 30 அங்குலம், அது சரியாக இருக்கிறது.

வளவு

வளவில் தூண்களின் அடியிலிருந்து மேல்நோக்கி விளக்குப் போட எல்லோருக்கும் ஆசை. அதற்குத் தரையை வெட்ட வேண்டும். அதோடு மேலே போகும் வெளிச்சத்தை ஓட்டுக்கூரை மரங்கள் தின்றுவிடும். தூணுக்குப் பின்னால் உள்ள சுவரை ஒளியேற்றினால், திறந்த முற்றத்திலிருந்து பார்க்கும்போது தூண்களின் உருவம் வெள்ளைச் சுவரின் முன்னே வரிசையாக எடுப்பாகத் தெரியும். தாழ்வார உத்திரத்தின் சுவர்ப்பக்க முகத்தில் அலுமினியப் புரொஃபைலுக்குள் எல்.இ.டி. ஸ்டிரிப், பால் நிற மூடியோடு, நீளப் பக்கங்கள் இரண்டிலும் 10 மீட்டர் வீதம்.

ஸ்டிரிப் 24 வோல்ட்டில் இருக்க வேண்டும். மீட்டருக்கு 9.6 வாட் என்றால் ஒரு பக்கத்துக்கு 96 வாட். 24 வோல்ட்டில் 4 ஆம்பியர். 12 வோல்ட்டில் 8. மின்னழுத்தத்தை இறக்கித் தரும் டிரைவரிலிருந்து 10 மீட்டர் தூரம் 1.5 சதுர மி.மீ. வயரில் போனால் போய்வரும் தடை 0.24 ஓம். 24 வோல்ட்டில் இழப்பு 1 வோல்ட்டுக்குள், நூற்றுக்கு 4. 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 2 வோல்ட், நூற்றுக்கு 16. கடைசி மீட்டர் கண்ணுக்குத் தெரிந்தே மங்கும். 24 வோல்ட்டிலும் பத்து மீட்டரை ஒரு முனையிலிருந்து ஊட்டாமல், நடுவில் வயரைக் கொண்டுவந்து இருபுறமும் ஐந்து ஐந்து மீட்டராக ஊட்டவும். பக்கத்துக்கு ஒரு 150 வாட் டிரைவர். சித்திரை வெயிலில் ஓட்டுக்கு அடியில் அதை வைத்தால் சீக்கிரம் செத்துப்போகும். தாழ்வாரச் சுவர் அலமாரியில், மரத்திலிருந்து 50 மி.மீ. இடைவெளி விட்டு வைத்தோம். சாதாரண நாளில் பாதி அளவுக்கு டிம் செய்து எரித்தால் போதும், சூடும் குறையும்.

பூச்சு வேலைக்கு ஒரு எச்சரிக்கை: ஸ்டிரிப்பைச் சுவரை ஒட்டி வைத்து வெளிச்சத்தை வழியவிட்டால், கண்ணாடிபோல் தெரிந்த சுவரில் பழைய ஒட்டுகள் எல்லாம் மேடு பள்ளமாகத் துலங்கும். இங்கே உத்திரம் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி இருந்ததால் அந்தத் தொல்லை வரவில்லை. தூணின் தலைக்கட்டையான போதிகையின் செதுக்கலுக்கு மட்டும் பக்கவாட்டில் 45 டிகிரியில் 3 வாட் ஸ்பாட். நேர் எதிரே வைத்தால் நிழல் செத்து வேலைப்பாடு தட்டையாகிவிடும்.

திறந்தவெளியை ஒட்டிய எல்லாம், தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி.65 தரம். வயர் உள்ளே நுழையும் இடத்தில் கீழே ஒரு தொய்வு விட்டால் மழைத்தண்ணீர் அந்தத் தொய்விலிருந்து சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது. மழைக்குப் பின் ஈசல் வரும் மாலைகளுக்காக, பந்தி போடும் பக்கத்து ஸ்டிரிப்புக்குத் தனி சுவிட்ச். எதிர்ப்பக்கத்தை மட்டும் எரியவிட்டால் ஈசல் அங்கே போகும்.

அறைகள், படங்கள், உள்வீடு

அறைகள் எளியவை. கட்டிலுக்கு இரு பக்கமும் கைக்கெட்டும் பிராக்கெட், நிலைக்கண்ணாடிக்கு இரு ஓரமும் முக உயரத்தில் ஒவ்வொரு விளக்கு. கண்ணாடிக்கு மேலே ஒரே விளக்கு வைத்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஸ்பாட் 30 டிகிரி சாய்வில். விளக்கு 12 அடியிலும் படத்தின் நடு 5½ அடியிலும் இருந்தால் சுவரிலிருந்து 3¾ அடி தள்ளி மாட்ட வேண்டும். இன்னும் கிட்டே வந்தால் சட்டத்தின் நிழல் படத்தில் விழும். தள்ளிப் போனால் தங்கரேக்கு பார்ப்பவர் கண்ணில் அடிக்கும். ரவிவர்மா அச்சுப் படங்கள் காகிதம். 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம், சாயம் வெளுக்கும். முன்னோர் படங்கள் முன்பக்கம் சாய்ந்து தொங்குவதால் அவற்றின் கண்ணாடியில் தரைதான் பிரதிபலிக்கும். எனவே அவற்றுக்கு எதிரே தரை விளக்கோ மேசை விளக்கோ வைக்காதீர்கள்.

உள்வீட்டுக்குள் மின்விளக்கு குறைவாக இருப்பதே அழகு. நிலைக்கு உள்பக்கம், மேலே, ஒரே 5 வாட் விளக்கு, அதற்கு வெளியே சுவிட்ச். முன்னோருக்குப் படைக்கும் படைப்பின்போது இலை தெரிய அது போதும். நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்பன்று, திரியை ஏற்றி இழை எடுக்கும் நேரத்தில் அணைத்துவிடலாம். வளவின் டிம்மரையும் அதே சுவிட்ச் பெட்டியில் வைத்ததால், எழுந்து போகாமல் இரண்டையும் ஒன்றாகத் தணிக்க முடிகிறது.

விசேஷமும் பூட்டிய நாட்களும்

கல்யாணத்துக்கு சீரியல் செட் கட்ட வருபவர்கள் பக்கத்தில் எந்த ஹோல்டர் கிடைக்கிறதோ அதிலிருந்து இழுப்பார்கள். முகப்பின் இரு மூலையிலும் மூடி போட்ட 16 ஆம்பியர் சாக்கெட், ஒவ்வொன்றுக்கும் பொது ஆர்.சி.சி.பி.க்கு முன்பிருந்தே எடுத்த தனி ஆர்.சி.பி.ஓ. (மின்கசிவுக்கும் அதிகச் சுமைக்கும் துண்டிப்பது) கொடுத்துவிட்டோம். நனைந்த சீரியல் செட் ஒன்றால் வீடு முழுவதும் இருளாது.

வருடத்தில் பெரும் பகுதி பூட்டிக் கிடக்கும் வீடு என்பதால், திறந்ததும் மெயினைப் போட்டுவிட வேண்டாம். முதலில் பிராக்கெட் கப்புகளிலும் ரவுண்ட் பிளாக்குகளிலும் குளவிக் கூடும் பல்லி முட்டையும் இருக்கிறதா என்று பார்த்துத் துடைக்கவும். கேசிங் திரும்பும் மூலைகளில் எலி கடித்த தூள் கிடக்கிறதா என்று தரையைப் பார்க்கவும். எல்.இ.டி. டிரைவர்களையும் சர்ஜ் பாதுகாப்பையும் கழற்றி வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டையும் மெகரில் பார்த்து, பிறகு அவற்றை மாட்டி, ஒவ்வொரு எம்.சி.பி.யாகப் (சர்க்யூட்டின் பாதுகாப்பு சுவிட்ச்) போட்டு, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று உறுதிசெய்யவும். சரவிளக்குச் சங்கிலியையும் எஃகுக் கயிற்றையும் கையால் ஒருமுறை தடவிப் பார்க்கவும். பல்பு மாற்ற வேண்டியிருந்தால், ஆரம்பத்தில் ஒரே லாட்டில் கூடுதலாக வாங்கி வைத்த பெட்டியிலிருந்து எடுக்கவும். வேறு லாட் 2,700 கெல்வின் பல்பு எட்டுக் கையில் ஒன்றில் மட்டும் இருந்தாலும் நிறம் பிசகுவது தெருவாசலிலிருந்தே தெரியும். சர்க்யூட் வரைபடத்தின் நகல் டி.பி. (மின் பகிர்வுப் பெட்டி) கதவின் உள்பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது. எந்தக் கேசிங் மூடிக்கு எந்த எண் என்பதும் அதிலேயே குறித்திருக்கிறது.